ஓவர்டைம் சொன்ன ஆரூடம்

ஓவர்டைம் கூடினால் பங்கு விலை ஏறும். ரமணி நம்பிய சாத்திரம் இது ஒன்றுதான். பினாங்கின் பாயான் லெப்பாஸில் சிப் சோதிக்கும் தொழிற்சாலையில் அவள் ஒரு வரிசைக்கு லீடர். ஆகஸ்டு பிறந்தால் ஆண்டுக்கடைசி ஆர்டர்கள் குவியும், ஓவர்டைம் ஆரம்பிக்கும். நவம்பரில் வரும் காலாண்டுக் கணக்கில் கம்பெனி நல்ல லாபம் காட்டும், பங்கு ஏறும். அவள் செப்டம்பரில் கொஞ்சம் வாங்கி டிசம்பருக்குள் விற்றுவிடுவாள். நிபுணர்களின் கணிப்பையெல்லாம் சீந்தமாட்டாள். கைப்புண்ணைப் பார்க்கக் கண்ணாடி எதற்கு என்பாள். இத்தனை வருடமாக ஒருமுறைகூடப் பொய்க்கவில்லை, அதுதான் வினை.

இந்த வருடம், ஜார்ஜ் டவுனில் அவர்கள் வாடகைக்கு இருந்த ஃபிளாட்டை வீட்டுக்காரி ஹுஸ்னா விற்க முடிவு செய்தாள். ஆண்டு முடிவதற்குள் முன்பணம் கட்டினால் வீடு உங்களுக்குத்தான் என்றாள். ரமணியும் கணவன் கோகிலனும் தனித்தனியே சேர்த்ததைக் கூட்டிப் பார்த்தார்கள். கொஞ்சம் துண்டு விழுந்தது. ஓவர்டைமோ என்றும் இல்லாத அளவுக்கு இருந்தது, ஞாயிற்றுக்கிழமையைக்கூட விடவில்லை. கோகிலனிடம் மூச்சுவிடாமல் ரமணி தன் சேமிப்பு முழுவதையும் பங்கில் போட்டாள்.

நவம்பரில் கணக்கு வந்தது. லாபம் படுத்துவிட்டது. வழக்கம்போல் ஏறும் என்று ஊரே எதிர்பார்த்திருந்ததால் அடியும் பலம், விலை அதலபாதாளத்துக்குப் போனது.

கேண்டீனில் பக்கத்து வரிசை மோகனா உடைத்துச் சொன்னாள்.

"ஆர்டர் எங்கக்கா இருக்கு? வேலை பெர்மிட் முடிஞ்சு போன நேப்பாளப் பொண்ணுங்களுக்குப் பதிலா ஆளே எடுக்கலைலா. அவங்க வேலையத்தான் நாம ஓவர்டைம்னு செஞ்சோம்."

காலி நாற்காலிகளை ரமணி தினமும் பார்த்தவள்தான். ஏன் காலி என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. தன்னைத்தானே அறைந்துகொள்ளலாம் போல் ஆத்திரம் வந்தது. இனி ஒரே வழிதான். கோகிலன் சேர்த்ததைக் கொடுத்துவிட்டு, மீதிக்கு ஹுஸ்னாவின் காலில் விழுந்தாவது தவணை கேட்கவேண்டும்.

அன்று அவன் சாப்பிட உட்கார்ந்ததும் அழுதுகொண்டே சொன்னாள். "என் காசெல்லாம் போச்சுங்க. கம்பெனி ஷேர்ல போட்டுட்டேன். உங்க காசையாச்சும் நாளைக்கே ஹுஸ்னாக்கா கையில குடுத்துடலாம்."

கோகிலன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பாள். அவன் தட்டை நகர்த்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"நீ தெனமும் கால் வீங்கி வந்தே. இவ்வளவு ஓவர்டைம்னா இந்த வருஷம் பிச்சுக்கிட்டு ஏறும்னு நெனச்சேன்லா. நானும் அதையேதான் வாங்கினேன், ரமணி."