தி. நகரிலிருந்து அடையாறுக்குச் சுற்று வழி

காலை பத்தே காலுக்குப் பனகல் பார்க் பக்கம் பேருந்து ஏறினேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. இந்தத் தி. நகரில் எனக்கு மூன்று பாத்திரக்கடை. உள்ளே நுழைகிற ஆள் வாங்க வந்தவரா, விலை கேட்க வந்தவரா என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். தப்பினதில்லை.

பைக்குள் இளைய பேத்தியின் கல்யாணப் பத்திரிகை ஒன்று மட்டும் மிச்சமிருந்தது. அடையாறில் இருக்கும் என் தம்பி செல்வராஜுக்கு உரியது. தட்டில் வைத்து நேரில் கொடுத்தால்தான் எங்கள் திருநெல்வேலிப் பக்கம் அழைத்ததாகக் கணக்கு. வீட்டிலிருந்து அடையாறு ஏழு கிலோமீட்டர். நான் ஏறியதோ மயிலாப்பூர் வண்டி. "வெற்றிலை அங்கேதான் நல்லாயிருக்கும்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வந்தேன். அதைவிட நல்ல வெற்றிலை என் கடை வாசலிலேயே விற்கிறது.

தம்பியும் நானும் பேசி ஆறு வருடம். மூத்த பேத்தி கல்யாணத்தில் அவன் பெயர் பத்திரிகையில் விட்டுப்போயிற்று. அச்சகத்துக்காரன் செய்த வேலை என்று எல்லோரிடமும் சொன்னேன். சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன்.

வடக்கு மாட வீதியில் நாற்பது ரூபாய்க்கு வெற்றிலை பாக்கு வாங்கினேன். பதினொன்றரைக்கு ஆட்டோ, காத்திருந்து திரும்பக் கொண்டுவந்து விட முந்நூற்றைம்பது பேசினோம். மந்தைவெளி வந்ததும், "பட்டினப்பாக்கம் வழியா போப்பா, கடல் பார்த்து நாளாச்சு" என்றேன். அங்கே மீன் கடைகளுக்கு எதிரே கால் மணி நேரம் நின்றேன். நான் மீன் தொடுவதில்லை.

ஓட்டுநர் பொறுமை இழந்துவிட்டார்.

"இன்னா நைனா, அடையார்னு சொல்லிட்டு மீனை மொறைச்சிக்கினு கீற? அந்த ஊட்டாண்ட நாய் கீதா?"

"தம்பி இருக்கான்."

"அப்ப நாயே தேவலை. ஏறு, ஏறு."

பன்னிரண்டே காலுக்குத் தம்பி வீட்டு மணியை அடித்தேன். "வாங்க அத்தான்" என்று அவன் மனைவி கதவைத் திறந்தாள். தம்பி செய்தித்தாளை இறக்கவில்லை.

"கொண்டாந்ததை வச்சிட்டுப் போங்கண்ணே. நாங்க வரப்போறதில்ல."

"செல்வம், அன்னைக்கு அந்த அச்சகத்துக்காரன்..." என்று பழைய கதையை எடுத்தேன். அப்போது குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தம் போட்டு ஒட்டியிருந்த தாள் கண்ணில் பட்டது. கல்யாணம் நடக்கப்போகிற திருநெல்வேலிக்கு இரண்டு ரயில் டிக்கெட். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காலை போய்ச் சேர்கிறது. நெல்லை வண்டியில் முன்பதிவு திறந்த அன்றே உட்கார்ந்தால்தான் இடம் கிடைக்கும். அப்படியானால், நான் வருவேனா மாட்டேனா என்று தெரிவதற்கு முன்பே போட்ட டிக்கெட்.

அச்சகத்துக்காரன் கதையை அதோடு விட்டேன்.

"அச்சகத்துக்காரன் மேல தப்பில்லலே. அச்சுக்கு முன்னாடி சரிபார்க்க என்கிட்டதான் கொடுத்தான். எம்பேரு பெருசா இருந்துச்சு. அதுக்குக் கீழ நான் படிக்கவே இல்ல."

செய்தித்தாள் இறங்கியது. "இதைச் சொல்ல ஆறு வருசமா?"

"நீ எங்கலே போற, டிக்கெட் போட்டு?"

"குலதெய்வம் கோயிலுக்கு."

"ஆமா அத்தான்," என்றாள் அவன் மனைவி. "குலதெய்வத்துக்குத்தான் பட்டுச்சேலை எடுத்திருக்கு, பேத்தி சைசுக்கு ஜாக்கெட்டோட."

முதலில் சிரித்தது அவன்தான். வெற்றிலைத் தட்டை நீட்டினேன். இந்தப் பத்திரிகையில் அவன் பெயர் இருக்கும் இடத்தில் விரல் வைத்துக் காட்டினேன். இருவரும் என்னைச் சாப்பிடாமல் விடவில்லை.

திரும்பும்போது எங்கேயும் நிறுத்தச் சொல்லவில்லை. இருபத்தைந்து நிமிடத்தில் தி. நகர். வீட்டில் என் டிக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். அதே வண்டி, அடுத்த பெட்டி. நான் இன்று போகாமல் இருந்திருந்தால், ராத்திரி முழுக்க ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் படுத்துக்கொண்டு, யாரும் யாரையும் தேடிப் போகவில்லை என்ற பெருமையோடு இருவரும் திருநெல்வேலியில் இறங்கியிருப்போம்.