எங்கள் பொத்தையை எரிமலையாக்கினேன்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மண் மிதிக்கும் கூலியாகத் தொடங்கி, சீவலப்பேரி சாலையில் மூன்று செங்கல் சூளைக்குச் சொந்தக்காரன் ஆனேன். யார் தயவும் கிடையாது. திருநெல்வேலியில் பாதி வீடு என் கல்லில்தான் நிற்கிறது என்று இன்றும் சொல்வேன்.

சூளைக்குப் பின்னால் ஒரு பொத்தை, மொட்டைக் குன்று. ஊர்ப் பள்ளிக்குப் புதிதாக, தற்காலிக வேலைக்கு வந்த டீச்சர் பாளையங்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். ஒரு நாள் பொத்தைச் சரிவில் கிடந்த கறுப்புக் கட்டிகளைப் பொறுக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

“இது என்ன கல்லு அண்ணாச்சி? கண்ணாடி மாதிரி மினுங்குது, உருகி ஓடுன மாதிரியும் இருக்கு!”

தீ மிஞ்சி உருகிப்போன என் செங்கல்தான். விலைபோகாததை வருஷக்கணக்காக அங்கேதான் கொட்டுகிறோம். ஆனால் எம்.எஸ்ஸி. படித்தவர் நோட்டைத் திறந்துவைத்து என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்படி எனக்கு யார் நின்றிருக்கிறார்கள்?

“இந்தப் பொத்தை ஒரு காலத்துல எரிமலைல்லா டீச்சர்! இப்பம் அணைஞ்சு கெடக்கு” என்றேன். ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டார்.

பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு நான்தான் தலைமை. டீச்சரின் மேசையில் களிமண் பொத்தை, சுற்றிலும் என் கட்டிகள், ‘நம் ஊர் எரிமலை’ என்று அட்டை. நடுவராக வந்த கல்லூரி வாத்தியார் ஒரு கட்டியைத் திருப்பினார். அடியில் பாதி உருகிய என் சூளை முத்திரை.

“எரிமலை முத்திரை குத்தியா அனுப்புது டீச்சர்?”

பந்தலே சிரித்தது. டீச்சர் என்னைப் பார்த்தார்.

“ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே டீச்சர்” என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அடுத்த வருஷத்துக்கு அந்த டீச்சர் வேண்டாம் என்று பேச்சு அடிபட்டதும் தலைமையாசிரியரிடம் போனேன்.

“சார், எரிமலைன்னு சொன்னது நான்தான்.”

அவர் சிரித்தார். “ஒரு பொம்பளப் பிள்ளைக்காகப் பழிய நீங்க ஏத்துக்கிடுதீய. பெரிய மனசு அண்ணாச்சி ஒங்களுக்கு. காப்பி சாப்பிடுங்க.”

இல்லை சார், நெசமாத்தான் என்று இன்னொரு தடவை சொல்லியிருக்க வேண்டும். பெரிய மனசு என்றது காதுக்கு இதமாக இருந்தது. காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜூனில் பள்ளி திறந்தது. காலை பஸ்ஸிலிருந்து வேறு டீச்சர் இறங்கினார்.