டாக்டர் முன்னால் நடந்து காட்டியவர்

தம்பியின் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்காக மார்த்தாண்டத்தில் நடந்த முகாமுக்குப் போனபோது அவரைச் சந்தித்தேன். ரப்பர் மரங்களில் பால் வெட்டியவர். முதுகெலும்பு பழுதாகி வேலையை விட்டவர், உதவித்தொகை கேட்டு வந்திருந்தார். வரிசையில் சுவரைப் பிடித்தபடியே நின்றார். பேசும்போதும் கையை எடுக்கவில்லை.

அவர் முறை வந்தது. திறந்திருந்த கதவு வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். மகளோடு உள்ளே போனவர், டாக்டர் முன்னால் பிடிமானமில்லாமல் நடந்து காட்டினார். "வேலை செய்ய முடியுமா?" என்று கேட்டதற்கு, "முடியும்" என்றார். உதவித்தொகை கிடைக்காது என்று அனுப்பிவிட்டார்கள்.

மகள் ஆட்டோ பிடிக்கப் போனதும் கேட்டேன்: "ஏன் அண்ணாச்சி முடியும்ணு சொன்னிய?"

"எனக்க மவ பக்கத்துல நின்னாளே மக்கா. அவளுக்க முன்னால முடியாதுண்ணு எப்பிடிச் சொல்லது?"

ஆட்டோ வந்தது. அவர் நிமிர்ந்து நடந்தார். விழுந்தால் தாங்குவதற்காக, இரு கைகளையும் விரித்தபடி மகள் பின்னாலேயே போனாள். அதை அவர் அறிந்திருந்தாரா என்று இன்னும் யோசிக்கிறேன்.