கரண்டி பிடிக்கத் தெரிந்தவர்

"இங்கதானே ஃப்ரீ மேசன்?" என்று அவர் கேட்டார்.

ஆமாம் என்றேன். கூடத்தின் வாசலில் ஒரு மேசை போட்டு என்னை உட்கார வைத்திருந்தார்கள். அவர் கையில் எங்கள் நோட்டீஸ் நான்காக மடித்து இருந்தது.

"மொத்தம் எத்தனை பேரு?"

"இப்போதைக்கு பதினோரு பேர்."

"பதினோரு மேசனா?" முகம் மலர்ந்துவிட்டது. "ஊர்ல நான் ஒருத்தன்தான் இப்படிக் கிறுக்குப் பிடிச்சுத் திரியறேன்னு என் பொண்டாட்டி சொல்லிக்கிட்டு இருக்கா. அவளைக் கூட்டிட்டு வந்து காட்டணும். வேலை என்னைக்கு?"

"மாசம் ரெண்டாவது சனிக்கிழமை கூடுவாங்க."

"சனிக்கிழமை எனக்கு சைட் இருக்குமேம்மா. ஞாயித்துக்கிழமைன்னா பிரச்சினை இல்ல. இப்பவே ஞாயித்துக்கிழமை வேலைக்கு நான் கூலி வாங்கறதில்ல. சிமெண்டும் மணலும் வீட்டுக்காரங்க வாங்கி வச்சிட்டா போதும்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. 'அண்ணா, இது வேற' என்று சொல்லியிருக்க வேண்டும். மூன்றே சொல். நான் குனிந்து பேனாவின் மூடியைத் திறந்தேன்.

"கரண்டி நாங்க கொண்டு வரணுமா, சங்கத்துலயே குடுத்துடுவீங்களா?"

உள்ளே ஒரு கண்ணாடிப் பெட்டியில், நீலத் துணி மேல், வெள்ளிக் கரண்டி ஒன்று இருந்தது. அறுபது வருஷமாக அதில் சாந்து பட்டதில்லை.

"அவங்ககிட்ட ஒண்ணு இருக்கு" என்றேன்.

"பதினோரு பேருக்கு ஒண்ணா? வெளங்கும். நான் என்னோடதையே கொண்டு வந்துடறேன்."

அவர் பெயரைச் 'சேர விரும்புவோர்' தாளில் எழுதிக்கொண்டேன். அதில் அன்று விழுந்த முதல் பெயர் அது. மாலை வரை வேறு எந்தப் பெயரும் விழவில்லை.

அது கொத்தனார்களின் சங்கம் இல்லை; கொத்தனார் கருவிகளைச் சின்னங்களாக வைத்துக்கொண்டு நல்லொழுக்கம் பேசும் படித்தவர்களின் பழைய சங்கம். அதன் செயலாளர் என் பெரியப்பா. பல் டாக்டர். அந்தக் கூடத்தில் தோல் உறை போட்ட நாற்பது நாற்காலிகள் இருந்தன. பதினொன்றில்தான் ஆள் உட்காருவார்கள். அந்தப் பதினொரு பேரில் இருவரை மாடிப்படியில் கைத்தாங்கலாக ஏற்ற வேண்டும். இப்படியே போனால் கடைசியில் கூடத்தைப் பூட்டிச் சாவியை வாங்கிக்கொள்ளக்கூட ஆள் இருக்காது என்று பெரியப்பா சொல்வார். எப்போதும் கதவைச் சாத்திக்கொண்டே கூடியதால் ஊரில் அவர்களைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். மண்டை ஓட்டில் குடிப்பார்கள், கண்ணைக் கட்டி ஆட்டின் மேல் ஏற்றுவார்கள் என்றெல்லாம்.

அதனால் அவர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். தருமம் என்றால் செக் எழுதி அனுப்புவது என்றில்லாமல், ஊருக்குள் இறங்கிக் கையால் ஏதாவது செய்வது. வருஷத்தில் ஒரு நாள் கூடத்தைத் திறந்து எல்லாரையும் சுற்றிப் பார்க்க விடுவது. அதைப் பார்த்துவிட்டு யாராவது சேர விரும்பினால் சேர்ப்பது. ஆனால் 'வந்து சேருங்கள்' என்று யாரையும் அழைக்கக் கூடாது. தானாக வந்து கேட்பவரைத்தான் சேர்க்கலாம் என்பது அவர்களுடைய பழைய விதி.

நோட்டீஸைப் பெரியப்பா ஆங்கிலத்தில் எழுதினார். தமிழில் எழுதியது நான். இரண்டு மொழியிலும் படித்தவள் என்று வீட்டில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அவர்கள் சொல்வதுபோல் 'லாட்ஜ்' என்று போட்டால் ரூம் வாடகை கேட்டு வருவார்கள் என்று யோசித்து 'சங்கம்' என்று மாற்றினேன். அதற்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன். 'ஃப்ரீமேசன்' என்பது பெயர்தானே என்று அப்படியே தமிழ் எழுத்தில் விட்டுவிட்டேன். அச்சகத்தில் அதை இரண்டாகப் பிரித்துப் பெரிதாகப் போட்டார்கள். ஃப்ரீ மேசன் சங்கம். ஊருக்கு உதவ விரும்புவோர் வந்து பார்க்கலாம். ஃப்ரீ என்றால் இலவசம், மேசன் என்றால் கொத்தனார் என்று ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அன்று ஒழுகுகிற கூரையைச் சொல்லிக்கொண்டு நான்கு பேர் வந்தார்கள். ஒரு அம்மாள் செல்போனில் தன் குளியலறைச் சுவரைப் படம் எடுத்து வந்திருந்தார். அவர்களுக்கெல்லாம் தவறைச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். வாங்க வந்தவர்களிடம் அதைச் சொல்வது சுலபமாக இருந்தது. கொடுக்க வந்தவரிடம்தான் என்னால் சொல்ல முடியவில்லை.

மறுநாள் வீட்டில் மதியச் சாப்பாட்டில் இதைப் பெரியப்பாவிடம் சொன்னேன். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. மேசையைச் சுற்றி எல்லாரும் என்னையே பார்த்ததும் எனக்கும் ஒரு உற்சாகம் வந்துவிட்டது.

"கவலைப்படாதீங்க பெரியப்பா. உங்க சங்கத்துக்கு மொத மொதல்ல கரண்டி பிடிக்கத் தெரிஞ்ச ஒருத்தர் வந்திருக்கார்."

பெரியப்பாவுக்குச் சிரித்துப் புரை ஏறியது. பெரியம்மா அவர் தலையில் தட்டினார். அந்த வாரத்துக்குள் பதினொரு பேருக்கும் அந்த வேடிக்கை தெரிந்துவிட்டது. அவர்கள் பேச்சில் அவருக்குக் 'கரண்டி' என்றே பெயராகிவிட்டது. நான் கேலி செய்ததாக நினைத்தது அவர்களை. அது போய் விழுந்தது அவர் மேல்.

அப்போது அவருக்கு நாற்பத்தாறு வயது. பதினாறு வயதில் சாந்து குழைக்க வந்தவர். ஆறு வருஷத்தில் கரண்டிக்கு உயர்ந்து, பிறகு பத்துப் பேரை வைத்து வேலை வாங்கும் மேஸ்திரியானார். ஒல்லி. பேசும்போதே எதிரில் உள்ள சுவரை ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். எங்கள் வீட்டுக்கு முதல் தடவை வந்தபோது, "இந்த மூலை அரை இஞ்சு உள்ள போயிருக்கு, பரவாயில்ல, வீடு விழாது" என்று பெரியம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார். பெரியம்மா அன்றிலிருந்து அந்த மூலையைப் பார்த்தாலே முகம் சுளிப்பார்.

ஞாயிற்றுக்கிழமை வேலை எப்படி ஆரம்பித்தது என்று ஒரு நாள் கேட்டேன். தொழிலுக்குப் புதிதில், கணவனை இழந்த ஒரு பெண்ணுக்கு அவசர அவசரமாகச் சமையலறைச் சுவர் கட்டிக் கொடுத்திருக்கிறார். தூக்குக்குண்டு போட்டுப் பார்க்காமல் கண் மதிப்பில் கட்டிய சுவர். பல வருஷம் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது, அந்தச் சமையலறைக் கதவு மூடாமல் ஒரு கல்லை முட்டுக் கொடுத்து வைத்திருப்பதைப் பார்த்தார்.

"பன்னெண்டு வருஷம்மா. தெனமும் கல்லை நகட்டி வச்சுத் தூங்கியிருக்காங்க. என்னைப் பாத்ததும், 'வா தம்பி, நல்லா இருக்கியா'ன்னு கேக்கறாங்க. திட்டியிருந்தா தேவல. அடுத்த ஞாயித்துக்கிழமை போய்ச் சுவரை இடிச்சுக் கட்டினேன். அப்புறம் அந்தக் கிழமைக்குக் கூலி வாங்கக் கை வரல."

இதைச் சொல்லும்போதும் அவர் என்னைப் பார்க்கவில்லை. எங்கள் மூலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சங்கத்தார் முதல் காரியமாக எடுத்துக்கொண்டது சுகாதார நிலையத்தின் வாசல். ஐந்து படிகள். சக்கர நாற்காலியில் வருகிறவர்களை இரண்டு பேர் தூக்கித்தான் உள்ளே வைக்க வேண்டும். அங்கே ஒரு சாய்தளம் கட்டலாம் என்று முடிவு செய்து, வரைபடமும் அவர்களே போட்டார்கள். அதை மேஸ்திரி ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"டாக்டர், இது சறுக்குமரம். ஏத்தி விட்டா திரும்பி ரோட்டுக்கே வந்துடுவாங்க. ஒரு அடி உயரத்துக்குப் பன்னெண்டு அடி நீளம் வேணும்."

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் வேலை நடந்தது. ஏறி இறங்க முடிந்த ஒன்பது பேரும் வந்தார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி சல்லடை பிடித்து மணல் சலித்தார். பெரியப்பா செங்கல் எடுத்துக் கொடுத்தார்.

"பல்லைப் பிடுங்கற மாதிரி ரெண்டு வெரல்ல பிடிக்காதீங்க டாக்டர். அதுக்கு வலிக்காது. தைரியமா பிடிங்க."

பெரியப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சாப்பிடும் இடைவேளையில் அவர்தான், சங்கம் உண்மையில் எப்படிப்பட்டது என்று மேஸ்திரிக்கு விளக்கினார். மூலைமட்டம் நேர்மைக்கு, ரசமட்டம் எல்லாரும் சமம் என்பதற்கு, தூக்குக்குண்டு நிமிர்ந்து நடப்பதற்கு, கரண்டி அன்பைப் பூசுவதற்கு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் தண்ணீர்க் குடத்தோடு சற்றுத் தள்ளி நின்றேன். மேஸ்திரி திரும்பி என்னைப் பார்த்தார்.

"அன்னைக்கே தெரியுமாம்மா உங்களுக்கு?"

தெரியும் என்றேன்.

"சொல்லியிருந்தா கூச்சப்பட்டுப் போயிருப்பேன். சொல்லாததும் நல்லதுதான்" என்றார். பிறகு பெரியப்பாவிடம், "சுவத்துக்கு மட்டும்தான் இதெல்லாம்னு இத்தன நாளா நெனச்சுட்டேன். அப்படின்னா எனக்கு இன்னும் சேரணும் போல இருக்கு டாக்டர்" என்றார்.

சாய்தளத்தைப் பார்க்க ஊரே வந்தது. முதலில் ஏறிய சக்கர நாற்காலியை அதில் இருந்த பெண்ணே கையால் உருட்டிக்கொண்டு போனாள். யார் கட்டியது என்று கேட்டார்கள். மண்டை ஓட்டுப் பேச்சு அன்றோடு நின்றது. ஒரு வங்கி மேலாளரும் ஒரு பள்ளி ஆசிரியரும் தாங்களாகவே வந்து சேரக் கேட்டார்கள். செய்தித்தாளில் படம் வந்தது. ஒன்பது பேர் வெள்ளைக் கையுறை, இடுப்பில் கட்டிய சங்கத்து ஏப்ரனோடு நின்றார்கள். நடுவில் நீதிபதி வெள்ளிக் கரண்டியைப் பிடித்திருந்தார். மேஸ்திரி படத்தில் இல்லை. அந்த நேரம் அவர் பின்பக்கம், பூசிய இடம் வெடிக்காமலிருக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். படம் எடுக்கிறவரை ஒரு நிமிடம் நிறுத்தி அவரைக் கூப்பிட்டிருக்கலாம். பக்கத்தில்தான் நின்றேன்.

அவருடைய விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்ததும் நான்தான். 'எவருடைய வற்புறுத்தலும் இன்றித் தாமாக வந்தவரா' என்று ஒரு கேள்வி. "நோட்டீஸ் கூப்பிட்டுச்சுன்னு எழுதலாமா?" என்று கேட்டுச் சிரித்தார். சேர்க்கும் நாளில் கறுப்புக் கோட்டு வேண்டுமா, வெள்ளைச் சட்டை போதுமா என்று விசாரித்தார். பெரியப்பாவே அவரை முன்மொழிந்தார்.

ஓட்டுப் போடுவது ஒரு மரப்பெட்டியில். வேண்டும் என்றால் வெள்ளைக் குண்டு, வேண்டாம் என்றால் கறுப்பு. இரண்டு கறுப்பு விழுந்தால் ஆளைச் சேர்ப்பதில்லை. யார் போட்டது என்று கேட்கக் கூடாது, காரணமும் கேட்கக் கூடாது. அன்று வங்கி மேலாளருக்கும் ஆசிரியருக்கும் பதினொன்றும் வெள்ளை. மேஸ்திரிக்கு எட்டு வெள்ளை, மூன்று கறுப்பு.

பெரியப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"பெட்டியைச் சுத்தி அனுப்பறதுக்கு முன்னாடி ஒருத்தர் சும்மா தமாஷுக்குக் கேட்டார்மா. 'விருந்துல பக்கத்துல உக்காந்தா எந்தக் கரண்டியை எடுப்பார்?'னு. எல்லாரும் சிரிச்சாங்க." பிறகு, "நானும்தான்" என்றார்.

பெரியம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார். நான் சாப்பாட்டு மேசையில், அன்று உட்கார்ந்திருந்த அதே இடத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் 'கரண்டி' என் வாயிலிருந்து போனதுதான்.

மறுநாள் பதில் எழுதும் வேலை என்னிடம் வந்தது. "மனசு நோகாம எழுதும்மா" என்றார் பெரியப்பா. எழுதினேன். 'எம் சங்கத்தின்பால் தாங்கள் காட்டிய ஆர்வம் எம்மை நெகிழச் செய்தது. தங்களைப் போன்றோரின் நல்லெண்ணமே எமக்கு என்றும் உறுதுணை. தங்கள் விண்ணப்பத்தின் மீதான பரிசீலனை நிறைவுற்றது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.' இல்லை என்ற சொல் எங்கும் வராமல் எழுதியிருந்தேன். பெரியப்பா படித்துவிட்டு, நல்ல தமிழ் என்றார்.

இப்போது சங்கத்தில் பதினேழு பேர். வருஷத்துக்கு ஒரு காரியம் செய்கிறார்கள். கூலிக்கு ஆள் வைத்துத்தான். சாய்தளத்தின் பக்கச் சுவரில் பித்தளைப் பலகை இருக்கிறது, சங்கத்தின் பெயரோடு. தளத்தில் இதுவரை ஒரு வெடிப்பு இல்லை. மேஸ்திரி ஞாயிற்றுக்கிழமைகளில் எங்காவது ஒரு வீட்டில் வேலையாக இருப்பார். தெருவில் என்னைப் பார்த்தால் தலையை அசைப்பார். நிற்பதில்லை.

அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் காலை அவர் பெரியப்பாவின் பல் கிளினிக்குக்கு வந்தார்; அங்கேயும் முன்னறை வேலை என்னுடையதுதான். நான் நோயாளிகளின் பெயரைப் பதிந்துகொண்டிருந்தேன். நான்கைந்து பேர் கன்னத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். வேலைக்குப் போகிற வழி போலிருக்கிறது, கையில் பை இருந்தது. கடிதத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, கசங்காமல் கொண்டு வந்திருந்தார். அதை என் முன்னால் வைத்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி குனிந்தார்.

"ரெண்டு தடவ படிச்சேம்மா. என் பொண்ணையும் படிக்கச் சொன்னேன், அவ நல்லாப் படிக்கிறவ. அழகா எழுதியிருக்காங்கன்னு சொல்றா. வீட்டுல வெள்ளைச் சட்டையைத் தேச்சு வச்சுட்டா. எனக்குத்தான் ஒண்ணு வெளங்கல. என்னைச் சேத்துக்கிட்டாங்களா, இல்லையா? அதை மட்டும் நம்ம பேசற பேச்சுல சொல்லிடுங்கம்மா."