ஊறிய கரி

சுவிஸின் கூர் நகரில், நகரசபை எங்களுக்கு வாடகைக்குத் தந்த தோட்டத் துண்டின் மண் மழைக்குக் களியாகும், வெயிலுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். நட்ட கத்தரி முழங்கால் உயரத்தைத் தாண்டாது. மரக்கரியை நொறுக்கிக் கலந்தால் மண் இளகும், ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும் என்று பக்கத்துத் துண்டுக்காரி, ஓய்வுபெற்ற சுவிஸ் தாதி, என் மனைவிக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

திராட்சைத் தோட்டங்களில் வெட்டிப் போட்ட கொடிகளை அள்ளி வந்து, அகன்ற இரும்புத் தொட்டியில் எரித்தோம். சாம்பலாகுமுன் தண்ணீர் ஊற்றி அணைக்க வேண்டும். நான் ஊற்றுவேன், முகமெல்லாம் கரியோடு அவள் சிரிப்பாள்.

முதல் கோடையில் செடிகள் மஞ்சளாகிச் சோர்ந்தன. வெறுங்கரி மண்ணிலிருந்த உரத்தையே உறிஞ்சிவிட்டதாம். நான் அலுத்துப்போனேன், அவள் விடவில்லை. இலையுதிர் காலத்தில் புதிய கரியைப் பீப்பாயில் போட்டு, கூட்டெருவும், தொட்டால் அரிக்கும் காஞ்சொண்டி இலை ஊறிய தண்ணீரும் விட்டு மூடினாள்.

"முதல்ல கரி வயிறு நிறையக் குடிக்கட்டும். பிறகு மண்ணில போடுவம்," என்றாள்.

மார்கழியில் முதுகுவலி என்று வைத்தியசாலைக்குப் போனவளுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். ஒருநாள், கட்டிலில் கிடந்தபடி, பீப்பாய் உறைந்து வெடித்திருக்குமோ என்று கேட்டாள். நான் பனிக்குள் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து, மேலே மட்டுந்தான் ஐஸ் என்றேன்.

"அப்ப அது காணும், போதும்," என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

பனி கரையுமுன் போய்விட்டாள்.

நான் தோட்டப் பக்கமே போகவில்லை. சித்திரையில் மகள் வந்து என் முன்னால் நின்றாள்.

"அப்பா, அம்மா ஊறப்போட்டது அப்பிடியே கிடக்குது. என்னால தனியப் போட ஏலாது."

இருவரும் பீப்பாய்க் கரியை மண்ணில் கொத்திக் கலந்தோம். அந்தக் கோடையில் கத்தரி என் நெஞ்சு மட்டத்துக்கு வளர்ந்து, கொப்பு முறியக் காய்த்தது. ஒருநாள் பறித்துக்கொண்டுபோய்க் குழம்பு வைத்தேன். இரண்டு பேரும் ஒரு வாயோடு தட்டை ஒதுக்கி வைத்தோம். மிச்சக் காய்களை எல்லாம் பக்கத்துத் தாதியிடம் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு என் கையை விடாமல் நின்றாள்.

மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனதும் துண்டைத் திருப்பிக் கொடுத்தேன். எங்களுடையவை எல்லாவற்றையும் அகற்ற வேண்டும் என்றார்கள். கொட்டிலைப் பிரித்தேன், வேலியைக் கழற்றினேன். கரியை மட்டும் மண்ணிலிருந்து பிரிக்க முடியாது. அதை யாரும் கேட்கவுமில்லை.