பார்த்து நின்றவர்கள் எத்தனை பேர்

பூச்சியம் எண்டு போட்டால் ஆருக்குத் தெரியப்போகுது? குடை முகத்தைப் பாதி மறைக்குது. இது நான்தான் எண்டு என்னைத் தவிர ஒருத்தருக்கும் விளங்காது.

கிளறிற்றா அன்று மனதுக்குள் சொல்லிக்கொண்டது இதைத்தான். சொல்லிக்கொண்டே பூச்சியத்தை அழுத்தினாள்.

இது நடந்தது. பயம் காட்டுவதற்காக நான் எதையும் கூட்டவில்லை. சிலதைக் குறைத்துத்தான் இருக்கிறேன். செவன் கிங்ஸில் தன் வீட்டுக் குசினியில் இருந்து, தேத்தண்ணி ஆறி ஆடை படியும்வரை கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி அவள் எனக்குச் சொன்னாள். கதை முடிந்த பிறகும் அவள் அதைக் குடிக்கவில்லை.

அவள் வேலை செய்வது ஓர் ஆய்வு நிறுவனத்தில். யூத வெறுப்பு எங்கிருந்து வருகிறது, என்ன சொற்களில் பேசுகிறது, யாருடைய வாசலில் போய் நிற்கிறது என்று ஆராய்வது அதன் வேலை. வெளியே பெயர்ப்பலகை இல்லை. மிரட்டல்கள் வருவதால் கீழே காவலாளி ஒருவர் இருக்கிறார். மேலே, அவர்களுடைய தளத்தில், மணி அடித்தால் கதவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திரை ஒளிரும். வந்திருப்பது யாரென்று பார்த்த பிறகே திறக்க வேண்டும்.

அந்தக் குளிர்காலம் அவர்கள் ஆராய்ந்தது வீட்டு வாசல்களை. கதவு மணியிலேயே கமரா இருக்கிறதல்லவா, அதில் பதிவான துண்டுகளை வீட்டுக்காரர்கள் தாங்களாகவே கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு துண்டையும் இரண்டு பேர், ஒருவரோடு ஒருவர் பேசாமல், தனித்தனியே பார்க்க வேண்டும். என்ன கத்தினார்கள், எதை உடைத்தார்கள், எத்தனை பேர் பார்த்து நின்றார்கள் என்று குறிக்க வேண்டும். அது யாருடைய வீடு, பிறகு என்ன நடந்தது என்பதெல்லாம் சொல்லமாட்டார்கள். மனம் இளகினால் கை பிழைக்கும் என்பது நிறுவனத்தின் எண்ணம். இன்னொரு விதியும் இருந்தது. இடமோ ஆளோ தெரிந்ததாக இருந்தால் உடனே நிறுத்திவிட்டுச் சொல்ல வேண்டும். மறைத்தால் வேலை போகும்.

மற்ற ஆள் மேனுஷா. குரோய்டன்காரி. கிளறிற்றாவை இந்த வேலைக்குக் கூட்டி வந்ததே அவள்தான்.

"மற்ற ஆக்கள் வேலை முடிஞ்சு போய்த்தான் படம் பாக்கினம், அக்கா. எங்களுக்குப் பாக்கிறதுக்கே சம்பளம்," என்பாள்.

அந்தத் துண்டைக் கண்டதும் கிளறிற்றாவின் கை நின்றுவிட்டது.

ஸ்ட்ரெதம். தமக்கை டொலறஸின் வீட்டுக்குப் போகும் தெரு. கார்த்திகை மழை. நான்கு மணியாகவில்லை, அதற்குள் இருட்டு. ஒருவன் வாசலில் நின்று மணியை அமுக்கிக்கொண்டே இருக்கிறான். டிங்... டொங்... டிங்... டொங்... அவன் கத்திய சொற்களை இங்கே எழுதப் போவதில்லை. பிறகு கார்ச் சாவியால் கதவு நிலையைக் கிண்டுகிறான். யூத வீடுகளில் நிலையில் சாய்வாகப் பொருத்தியிருக்கும் விரலளவுச் சின்னப் பெட்டி, உள்ளே வேத வசனம் இருக்கும், அதைப் பெயர்த்து எடுத்து நிலத்தில் போட்டு மிதிக்கிறான்.

அவனுடைய தோளுக்கு மேலால், தெருவின் எதிர்ப் பக்கத்தில், பஸ் தரிப்பு. அங்கே நீலக் குடையோடு ஒரு பெண்.

அது கிளறிற்றா.

அவள் மறந்திருக்கவில்லை. எப்படி மறப்பாள்? அன்று அங்கே நின்றபோது பக்கத்தில் ஒரு வயதான பெண் வந்து நின்றார். சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. காலில் வீட்டுக்குள் போடும் மெத்தைச் செருப்பு. இந்த மழைக்குள் இதோடா வந்தார் என்று கிளறிற்றா நினைத்தாள். செருப்பு நனைந்திருக்கவில்லை என்பதை அப்போது கண்டும் அவள் யோசிக்கவில்லை.

"அது என்னுடைய வீடு," என்றார் அந்தப் பெண் ஆங்கிலத்தில். "என்னோடு கூட வருவாயா? வாசல்வரைக்கும்."

"சொறி, பஸ் வருது," என்று சொல்லிவிட்டு கிளறிற்றா ஏறிவிட்டாள்.

அவ்வளவுதான் அவள் செய்தது.

கொழும்பில் லொட்ஜில் இருந்த காலத்தில், அண்ணன் மேர்வினைப் பொலிஸ் இழுத்துக்கொண்டு போனபோது, எதிர்க் கடைப் படியில் நாலைந்து பேர் பார்த்து நின்றார்கள். அடித்தவர்களைக்கூட அம்மா ஒருநாள் மன்னித்தார். பார்த்து நின்றவர்களைச் சாகும்வரை மன்னிக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் பூசையில் முழந்தாளில் நிற்கும்போது கிளறிற்றாவுக்கு அந்தக் கடைப் படிதான் நினைவுக்கு வரும். அந்தப் படியில் இப்போது தானும் நிற்பதாகத் தோன்றும்.

அவள் துண்டை மறுபடியும் ஓடவிட்டாள். அந்த வயதான பெண்ணின் முகத்தையாவது ஒருமுறை சரியாகப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

திரையில் நீலக் குடை திரும்புகிறது. வாய் அசைகிறது... சொறி, பஸ் வருது.

பக்கத்தில் ஒருவரும் இல்லை.

வெறும் மழை. வெறும் நடைபாதை. அந்த வெறுமைக்குத் தலையை ஆட்டிவிட்டு அவள் பஸ்ஸில் ஏறுகிறாள்.

அவள் உடனே திரையை மூடினாள். பார்த்து நின்றவர்கள்: பூச்சியம்.

மறுநாள் மேனுஷா தன் எண்ணைக் குறித்தாள். இரண்டு.

எண்கள் ஒத்துவராவிட்டால் இருவரும் அருகருகே இருந்து பார்த்துத் தீர்க்க வேண்டும். பின்னேரம் மற்றவர்கள் கீழ்த்தளத்தில் ஒரு பேச்சுக்குப் போயிருந்தார்கள். யன்னலில் இருள் இறங்கிக்கொண்டிருந்தது.

"என்னக்கா பூச்சியம்? கண்ணாடி மாத்த வேணும் போல," என்று சிரித்தாள் மேனுஷா. "குடையோட ஒரு பொம்பிளை. பக்கத்தில ஒரு அம்மம்மா. பாவம், வீட்டுச் செருப்போட வந்திட்டா."

கிளறிற்றா கதிரையைத் திரைக்கு அருகே இழுத்தாள். "எங்க?"

"இந்தா." விரல் திரையைத் தொட்டது. அந்த இடத்தில் மழைதான் பெய்துகொண்டிருந்தது.

"எனக்கு ஒருத்தரும் தெரியேல்ல, மேனுஷா."

"பகிடி விடாதீங்கோ..." அவள் குனிந்து பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. "காலமை இவ அந்தப் பொம்பிளையைப் பாத்துக்கொண்டு நிண்டவ. இப்ப இங்கால திரும்பிட்டா."

"எங்கால?"

"எங்கட பக்கம்."

"நிப்பாட்டு."

மேனுஷா நிறுத்தினாள். படம் உறைந்தது. கத்தியவனின் வாய் திறந்தபடி நின்றது.

டிங்... டொங்...

"நிப்பாட்டு எண்டனான்."

"நிப்பாட்டிட்டன், அக்கா."

டிங்... டொங்...

சத்தம் கணினியிலிருந்து வரவில்லை.

அவர்களுடைய கதவு.

கீழே இருக்கும் காவலாளி சொல்லாமல் ஒருவரும் மேலே வருவதில்லை. சுவரில் சின்னத் திரை ஒளிர்ந்தது. மேனுஷா எழுந்து போய்ப் பார்த்தாள்... ஒரு அடி பின்னால் வந்தாள்.

"அக்கா. அவதான்."

கிளறிற்றாவும் பார்த்தாள். வெறும் நடைக்கூடம். விளக்கு. கம்பளம்.

ஆனால் குரல் கேட்டது. கதவுக்கு மிக அருகில். கோபம் இல்லாத குரல். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"என்னோடு கூட வருவாயா?"

கால் எழவில்லை.

இந்த முறையும்... எழவில்லை.

மணி நின்றது.

வெகுநேரம் கழித்து மேனுஷா கீழே போய்க் கேட்டாள். ஒருவரும் வரவில்லை என்றார் காவலாளி.

அன்றிரவு கிளறிற்றா நித்திரை கொள்ளவில்லை. விடிந்ததும் முதல் வேலையாக ஆய்வின் தலைவி ஜூடித்தின் அறைக்குப் போனாள். குடையோடு நிற்பது தான் என்றாள். தெரிந்தும் மறைத்ததைச் சொன்னாள். வயதான பெண் வந்து கேட்டதையும், தான் பஸ் ஏறியதையும் சொன்னாள்.

ஜூடித் முழுவதையும் எழுதிக்கொண்டார். கடைசியில் கேட்டார், "அந்தப் பெண் என்ன உடுத்திருந்தார்?"

"சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. வீட்டுச் செருப்பு."

ஜூடித் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அந்தத் துண்டைக் கொடுத்தது அந்தப் பெண்ணுடைய மருமகன் என்றார். மான்செஸ்டரில் இருப்பவர். அவர் போன் அடித்தும் பதில் இல்லாததால் பொலிஸ் போய்க் கதவை உடைத்தது. அந்தப் பெண் மாடிப்படியின் அடியில் கிடந்தார். சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையோடு, வீட்டுச் செருப்போடு.

"அது அந்தப் பதிவுக்கு அடுத்த நாள்," என்றார் ஜூடித். "இறந்து நாலு நாளாவது இருக்கும் என்று மருத்துவர் எழுதியிருக்கிறார்."

அப்படியானால் அவன் மணியை அமுக்கி அமுக்கிக் கத்தியபோது, கதவுக்கு அந்தப் பக்கம்...

பிறகு ஜூடித் துண்டை ஓடவிட்டார். அவருக்கும் ஒரு குடை மட்டும்தான் தெரிந்தது. ஜூடித் போனில் கேட்டபோது, தன் எண்ணை ஒன்றாக்கித் தர மேனுஷா சம்மதித்துவிட்டாள். அந்தத் துண்டைத் திரும்பப் பார்க்கச் சொல்ல வேண்டாம், அவ்வளவுதான் அவள் கேட்டது.

"நீயாக வந்து சொன்னாய். உன் வேலைக்கு ஒன்றும் வராது," என்றார் ஜூடித். "உன் பூச்சியத்தை ஒன்று என்று மாற்று. உன்னை மட்டும் எண்ணு. நாங்கள் சொல்வதெல்லாம் பொய் என்று காட்டுவதற்கு எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள். இறந்தவரையும் சேர்த்து எண்ணினோம் என்று தெரிந்தால் எங்களை யார் நம்புவார்கள்?"

அவர் சொன்னது நியாயம். கிளறிற்றாவுக்கும் அது தெரியும்.

விசைப்பலகை அவள் பக்கம் தள்ளப்பட்டது.

அவள் கைகளை மடியிலேயே வைத்திருந்தாள்.

"என் கையால் முடியாது," என்றாள், மெதுவாக. "ஒருமுறை அவரை விட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டேன்."