நாங்கள் மாற்றல் வாங்கிக் கொடுத்த வசந்தா டீச்சர்

வசந்தா டீச்சர் இறந்த செய்தி எனக்கு ஒரு சுவரொட்டியாகத்தான் வந்தது. திங்கட்கிழமை காலை சூலூர் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். எதிர்ச் சுவரில், பசை காயாமல், அவர்களுடைய படம். கீழே 'கல்விச் சுடர் அணைந்தது' என்று கொட்டை எழுத்து. அதற்கும் கீழே, கண்ணீர் விடுவோர் ஆறு பேர் பட்டியலில் நான்காவதாக என் பெயர். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னொரு வரியும் சேர்க்கச் சொல்லியிருப்பேன்: இந்த ஆறு பேரும்தான் இரண்டு வருடத்துக்கு முன் அந்த அம்மாவை இந்த ஊரை விட்டு அனுப்பியவர்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டீச்சர் எங்கள் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் எடுத்தார்கள். என் மகள் செல்வி அவர்களிடம் படித்தாள். நான் விசைத்தறிக்காரன். பத்தாம் வகுப்பை மூன்று தடவை எழுதினேன். மூன்று தடவையும் அது என்னை ஒத்துக்கொள்ளவில்லை.

ஒரு நாள் செல்வி வந்து, "அப்பா, டீச்சர் நாளைக்கு க்ளாஸோட நம்ம தறிக்கூடத்தைப் பார்க்க வாராங்க" என்றாள். டீச்சர் வருகிறார்கள் என்றால் சும்மா விடுவோமா? மறுநாள் விடிந்ததிலிருந்து நானும் என் மனைவியும் மூங்கிலில் துடைப்பத்தைக் கட்டிக் கூரையை அடித்துத் தள்ளினோம். பல வருட ஒட்டடை. டீச்சர் உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தார்கள். முகம் வாடிவிட்டது.

"ஏனுங்க, ஒட்டடையெல்லாம் எங்கீங்க?"

"அடிச்சுப்போட்டமுங்க டீச்சர். நீங்க வாரீங்கன்னு..."

"அதைப் பார்க்கத்தானுங்க வந்ததே."

நல்லவேளை, என் சோம்பேறித்தனத்தால் மோட்டாருக்குப் பின்னால் ஒரு மூலை தப்பியிருந்தது. பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய்க் காட்டினார்கள். ஒட்டடை இழைகளில் பஞ்சுத் தூசி படிந்து தொங்கியது. இழைகள் கூடும் இடங்களில் மட்டும் உருண்டு கட்டியாக இருந்தது.

"அண்டத்துல பொருளெல்லாம் இப்படித்தான் இழை இழையாக் கெடக்குது. இழை கூடற எடத்துல வாயு வந்து சேரும், நட்சத்திரம் பொறக்கும். சின்னச் சின்ன நட்சத்திரத் திரளெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து பெருசாகும். நம்ம பால்வீதி வளர்ந்ததும் அப்படித்தான். இங்க காத்து கொண்டாந்து சேர்க்குது, அங்க ஈர்ப்பு விசை."

பிறகு பத்திரிகையில் வெட்டி வைத்திருந்த ஒரு படத்தை எடுத்தார்கள். வெகு தொலைவிலிருந்து வெளிச்சம் வந்து சேரக் கோடிக்கணக்கான வருடம் ஆவதால், அதில் தெரிவது அந்தத் திரள்களின் சிறு வயது முகமாம். எல்லாம் பொடிசாக, கோணல்மாணலாக இருந்தன. வாயு தீர்ந்த திரளில் புது நட்சத்திரம் பிறக்காது, பழையவை மட்டும் சிவந்து கிடக்கும் என்றும் சொன்னார்கள்.

நான் சும்மா இருக்காமல், "அங்க ஒட்டடை அடிக்க ஆளில்லீங்களா?" என்றேன்.

"உங்க ஊட்டுக்காரம்மா அங்க இல்லாதது நம்ம அதிர்ஷ்டமுங்க."

அந்த வாரம் முழுவதும் வகுப்பில் அதே பேச்சு. பாடப்புத்தகத்தில் அது இல்லை. பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர், எனக்கு மாமா முறை, டீச்சரை மாற்றச் சொல்லி ஒரு மனுவோடு வந்தார். "ஏன் மாப்பிள்ளை, பொண்ணு இன்ஜினியர் ஆகறதா, நட்சத்திரம் எண்ணறதா?" என்றார். தறிச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். நன்றாகவே கேட்டது. பத்தாவது தேறாதவன், பன்னிரண்டாவது பாடத்திட்டத்தைக் காப்பாற்றக் கையெழுத்துப் போட்டேன். கோடானுகோடி வருடக் கதைக்கு ஒரு வாரம் எடுத்துக்கொண்டது குற்றம் என்று, சத்தியமங்கலத்துக்கு மாற்றல் வந்தது.

கிளம்புகிற அன்று பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்துவிட்டார்கள். "மனுவைப் பார்த்தேனுங்க. ஆறு கையெழுத்துல உங்களுதுதான் அழகா இருந்துச்சு" என்றார்கள். திட்டியிருந்தால் தேவலை.

இந்தத் திங்கட்கிழமை அந்த ஆறு பேரும் வேன் பிடித்து இழவுக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமை நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டதாம். வழியில் தலைவர் ஆரம்பித்தார்: "பாடத்தைத் தவிர வேற ஒரு வார்த்தை பேசமாட்டாங்க. அப்படி ஒரு டீச்சர்."

"அப்புறம் எதுக்குங்க மாமா மனுக் கொடுத்தோம்?"

"இழவுக்குப் போறப்ப அந்தப் பேச்சு எதுக்கு மாப்பிள்ளை?"

"இப்பவாச்சும் பேசோணுமுங்க. சுடர் அணைஞ்சதுன்னு சொவுத்துல ஒட்டியிருக்கறீங்க. மொதல்ல ஊதுனது நாமதானுங்க."

புளியம்பட்டியில் வேனை நிறுத்தித் தலைவர் மாலை வாங்கினார், கடையில் இருந்ததிலேயே பெரிதாக.

டீச்சர் வீட்டு வாசலில் பள்ளிப் பெண்கள் சீருடையில் நின்றார்கள். ஒருத்தி எங்களிடம் வந்தாள்.

"டீச்சரோட பழைய ஊருங்களா?"

"ஆமா கண்ணு."

"அப்ப உங்களுக்குத் தெரியுமாங்க? பக்கத்துத் திரள் ஒண்ணு நம்ம பால்வீதியைப் பார்த்து வந்துட்டே இருக்குதாம். வந்து மோதுனா என்னாகும்னு திங்கக்கிழமை சொல்றேன்னாங்க."

கையில் இருந்த நோட்டைப் பிரித்துக் காட்டினாள். தலைப்பு எழுதி அடிக்கோடு போட்டிருந்தது. கீழே ஒன்றும் இல்லை.

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பாடத்தில் அந்த இடத்துக்கு வருவதற்குள் நாங்கள் மனுக் கொடுத்துவிட்டோம். ஆறு பெரிய மனிதர்கள் நின்றோம். "தெரியலீங்க கண்ணு" என்றேன். அவள் நோட்டை மூடி மார்போடு வைத்துக்கொண்டாள்.

டீச்சர், இங்கே உங்கள் பாடத்தை நிறுத்தியது சாவு. சூலூரில் நிறுத்தியது நாங்கள். சாவைக் கேட்க முடியாது. எங்களைக் கேட்டிருக்கலாம், நீங்கள் கேட்கவில்லை. போய் வாருங்கள்.